சம்பளத்தில் பிடிக்கும் இருபது டாலர் யார் கைக்குப் போகிறது? இன நீதி அமைப்புகளைத் தேர்ந்தெடுக்க ஒரு கையேடு

2020 ஜூன் முதல் வாரம். மினியாபொலிஸில் ஜார்ஜ் ஃபிளாய்டின் கழுத்தில் ஒரு போலீஸ்காரர் முழங்காலை வைத்து அழுத்திக் கொன்ற வீடியோவைப் பார்த்துவிட்டு இரண்டு மூன்று நாள் சரியாகத் தூக்கம் இல்லை. ஏதாவது செய்தாக வேண்டும் என்று இருந்தது. அலுவலக நன்கொடைத் தளத்தைத் திறந்து 'பிளாக் லைவ்ஸ் மேட்டர்' என்று தேடினேன், முதலில் வந்த பெயரைத் தொட்டேன், 200 டாலர் என்று போட்டேன். கீழேயே 'உங்கள் நிறுவனமும் 200 டாலர் தரும்' என்று பச்சை எழுத்தில் வந்தது. இன்னும் ஒரே ஒரு பொத்தான்தான் பாக்கி. அந்த நேரம் பார்த்து, கூட வேலை செய்யும் கறுப்பினப் பெண் ஒருவர் டீம் சாட்டில் எல்லாருக்கும் ஒரு வரி போட்டிருந்தார்: 'பணம் அனுப்பும் முன் முகவரியைப் பாருங்கள், அது அந்த அமைப்பே இல்லை.'

அவர் சொன்னது சரி. 'பிளாக் லைவ்ஸ் மேட்டர் ஃபவுண்டேஷன்' என்ற பெயரில் கலிபோர்னியாவில் ஒரு பதிவு பெற்ற அமைப்பு இருந்தது. கறுப்பின மக்கள் மீதான போலீஸ் வன்முறையை எதிர்க்கும் பிளாக் லைவ்ஸ் மேட்டர் இயக்கத்துக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. போலீசையும் மக்களையும் நெருக்கமாக்குவதுதான் அதன் நோக்கமாம். அதே மாதம் பஸ்ஃபீட் நியூஸ் இதை வெளியில் கொண்டுவந்தது: ஆப்பிள், கூகுள், மைக்ரோசாஃப்ட், டிராப்பாக்ஸ் போன்ற நிறுவனங்களின் ஊழியர்களும் அவர்களுக்கு ஈடாக நிறுவனங்களும் போட்ட பணம் சுமார் 40 லட்சம் டாலர், இந்தப் பெயருக்குச் சேர்ந்திருந்தது. பட்டுவாடா ஆவதற்குள் நிறுத்திவிட்டார்கள். நியூயார்க் மாநில அட்டர்னி ஜெனரல், இனி நன்கொடை வாங்கக் கூடாது என்று அந்த அமைப்புக்கு உத்தரவும் போட்டார். உண்மையான இயக்கத்துக்கோ அப்போது தனியாக வரிவிலக்குப் பதிவே கிடையாது; 'தவுசண்ட் கரண்ட்ஸ்' என்ற இன்னோர் அமைப்பின் குடைக்குக் கீழே இருந்தது. அதாவது, சரியான இடத்துக்குப் பணம் போக வேண்டுமானால் நாங்கள் தேடியிருக்க வேண்டிய பெயரே வேறு.

படித்த, விவரமான, ஒரு செல்போன் வாங்க நாலு நாள் ஒப்பிட்டுப் பார்க்கிற ஆட்கள்தான் நாங்கள் எல்லாரும். கோபமும் துக்கமும் இருந்த நேரத்தில் பெயரை மட்டும் பார்த்தோம். அன்றிலிருந்து ஒவ்வொரு வருடமும் அலுவலகத்தில் நன்கொடைப் பருவம் வரும்போது நான் செய்துகொண்டு வருவதை இங்கே எழுதுகிறேன். அமெரிக்காவில் வேலை பார்க்கிறவர்களுக்கு இது நேரடியாகப் பொருந்தும்.

முதலில் வேலையைத் தேடுங்கள், பெயர் அப்புறம்

'இன நீதி' என்பது ஒரு பெரிய குடை. நீதிமன்றத்தில் வாதாடுகிறவர்கள் அதன் கீழே இருக்கிறார்கள், ஜாமீன் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், விவசாயிகளின் நிலத்தைக் காப்பாற்றுகிறவர்கள், பிரசவத்தில் கறுப்பினத் தாய்கள் சாகாமல் பார்த்துக்கொள்கிறவர்கள், கல்லூரிக்குப் பணம் கட்டுகிறவர்கள் எல்லாரும் இருக்கிறார்கள். உங்கள் மனதை எது அறுக்கிறது என்று ஐந்து நிமிடம் உட்கார்ந்து யோசித்து, ஒரு வரியில் எழுதுங்கள். 'பணம் இல்லாத காரணத்தால் ஒருவரும் ஜெயிலில் கிடக்கக் கூடாது.' இப்படி ஒரு வரி. அந்த வரி கையில் இருந்தால் தேடல் பாதி முடிந்த மாதிரி, ஏனென்றால் ஒவ்வோர் அமைப்பையும் பார்க்கும்போது 'இவர்கள் இதைச் செய்கிறார்களா?' என்ற ஒரே கேள்விதான் மிச்சம்.

நீதிமன்றம் என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது என்.ஏ.ஏ.சி.பி. லீகல் டிஃபென்ஸ் ஃபண்ட். 1940-இல் தர்குட் மார்ஷல் தொடங்கியது. பள்ளிகளில் நிறத்தின்படி பிரிப்பது சட்டவிரோதம் என்று 1954-இல் தீர்ப்பு வந்த பிரவுன் வழக்கை நடத்தியவர்கள் இவர்கள்தான். மார்ஷல் பிறகு 1967-இல் உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதி ஆனார். ஒன்று கவனியுங்கள்: 1909-இல் தொடங்கிய, கறுப்பின மக்களின் உரிமைச் சங்கமான என்.ஏ.ஏ.சி.பி. வேறு, இது வேறு. 1957-இலிருந்து இரண்டும் தனித்தனி. தளத்தில் தேடினால் இரண்டும் அடுத்தடுத்து வரும், பலரும் ஒன்றென்று நினைத்து மாற்றிப் போட்டுவிடுகிறார்கள்.

சிறை, மரண தண்டனை, தவறான தீர்ப்பு பற்றிக் கவலைப்படுகிறவர்களுக்கு அலபாமா மாநிலம் மான்ட்கமரியில் இருக்கும் ஈக்குவல் ஜஸ்டிஸ் இனிஷியேட்டிவ். வழக்கறிஞர் பிரையன் ஸ்டீவன்சன் 1989-இல் தொடங்கியது. வழக்கறிஞர் வைக்க வழியில்லாத கைதிகளுக்கு இலவசமாக வாதாடுகிறார்கள். 2018-இல் இவர்கள் அதே ஊரில் ஒரு நினைவிடம் திறந்தார்கள், கும்பல் கூடி அடித்தும் தூக்கிலிட்டும் கொன்ற 4,400-க்கும் மேற்பட்ட கறுப்பின மக்களுக்காக. நான் அங்கே போயிருக்கிறேன். துருப்பிடித்த நிறத்தில் 800-க்கும் மேற்பட்ட இரும்புத் தூண்கள், ஒவ்வொன்றும் ஒரு மாவட்டம், அதில் அங்கே கொல்லப்பட்டவர்களின் பெயர்கள். நுழையும்போது தூண்கள் நம் உயரத்துக்கு நிற்கின்றன, பக்கத்தில் நின்று பெயர்களைப் படிக்கலாம். நடக்க நடக்கத் தரை கீழே இறங்குகிறது, தூண்கள் அப்படியே மேலே நிற்கின்றன, கடைசியில் அண்ணாந்து பார்த்தால் எல்லாம் தலைக்கு மேல் தொங்குகின்றன. அன்றைக்குப் பக்கத்தில் ஒரு வயதான அம்மா ஒரு தூணின் அடியில் நின்று ஒரே ஒரு பெயரை விரலால் காட்டிப் பேரனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். நன்கொடை போடுகிற அமைப்பு எதைச் செய்கிறது என்று நேரில் போய்ப் பார்க்க முடிந்தால் போய்ப் பாருங்கள், அமைப்புகளுக்கு மதிப்பெண் போடும் எந்தத் தளமும் அதற்கு ஈடு இல்லை.

ஜாமீன் நிதிகள் பற்றிக் கொஞ்சம் விளக்க வேண்டும். குற்றம் நிரூபிக்கப்படாத ஒருவர், 500 டாலர் கட்ட முடியாமல் வாரக்கணக்கில் ஜெயிலில் கிடப்பார். அதற்குள் வேலை போகும், வாடகை நிற்கும், கடைசியில் வீட்டுக்குப் போனால் போதும் என்று செய்யாத குற்றத்தையும் ஒப்புக்கொள்வார். ஜாமீன் நிதி அந்தப் பணத்தைக் கட்டும். அவர் வாய்தா தவறாமல் வந்து வழக்கு முடிந்தால் பெரும்பாலும் பணம் திரும்பி வரும், அதே பணம் அடுத்த ஆளுக்குப் போகும். நம் ஊர் சுழல்நிதி மாதிரி. ஆனால் 2020-இல் என்ன ஆனது? எல்லாரும் ஒரே நேரத்தில் மினசோட்டா ஃப்ரீடம் ஃபண்டுக்குப் போட்டார்கள். சில ஆட்கள் நடத்திக்கொண்டிருந்த சின்ன அமைப்பு, சில வாரங்களில் 3 கோடி டாலருக்கும் மேல் வந்து குவிந்தது. அவர்களே 'எங்களுக்குப் போதும், மற்ற அமைப்புகளுக்குக் கொடுங்கள்' என்று சொல்ல வேண்டி வந்தது. செய்தியில் வருகிற அமைப்புக்குத்தான் உங்கள் பணம் கடைசியாகத் தேவைப்படும் என்று நான் அடித்துச் சொல்வதற்கு இதுதான் காரணம். உங்கள் ஊரில், உங்கள் மாவட்டத்தில் இருக்கும் ஜாமீன் நிதியைத் தேடிப் பிடியுங்கள்.

அப்புறம் நிலம். இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை, நமக்கோ கேட்ட மாத்திரத்தில் புரியும். 1920-இல் அமெரிக்காவில் 9 லட்சத்துக்கும் மேல் கறுப்பின விவசாயிகள் இருந்தார்கள். இன்று 50,000-க்கும் குறைவு. நிலம் எப்படிப் போனது என்றால், கடன் மறுப்பு, மிரட்டல், இதோடு முக்கியமான ஒன்று: உயில். தாத்தா உயில் எழுதாமல் இறந்துபோவார், வெள்ளைக்கார வக்கீலையும் நீதிமன்றத்தையும் நம்பாத காலம் அது, நிலம் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் என்று எல்லாருக்கும் பிரிக்காத பொதுச் சொத்தாகிவிடும். நம் ஊர்க் கூட்டுப் பட்டாதான். பட்டணத்துக்குப் போய்விட்ட ஏதோ ஒரு பங்காளியிடம் ஒரு சின்னப் பங்கை ஒரு ரியல் எஸ்டேட் ஆள் வாங்குவான். பங்கு ஒன்று கையில் வந்ததும் 'நிலத்தைப் பிரிக்க முடியாது, ஏலம் விடுங்கள்' என்று நீதிமன்றம் போவான், மொத்த நிலமும் அடிமாட்டு விலைக்கு அவனுக்கே போகும். அங்கேயே பிறந்து அங்கேயே உழுதுகொண்டிருந்த குடும்பம் வெளியே. இதைத் தடுக்க 2010-இல் ஒரு மாதிரிச் சட்டம் எழுதினார்கள், பல மாநிலங்கள் ஏற்றுக்கொண்டிருக்கின்றன. ஆனால் சட்டம் இருந்தால் போதுமா, பத்திரம் தேட, வாரிசுகளைக் கண்டுபிடிக்க, உயில் எழுத ஆள் வேண்டுமே. தென் கரோலினா மாநிலம் சார்ல்ஸ்டனில் 'சென்டர் ஃபார் ஏர்ஸ் பிராப்பர்ட்டி' 2005-இலிருந்து இந்த வேலையைத்தான் செய்கிறது. தென் மாநிலங்கள் முழுக்கக் கூட்டுறவுகளாகச் சேர்ந்த விவசாயிகளுக்கு 1967-இல் தொடங்கிய 'ஃபெடரேஷன் ஆஃப் சதர்ன் கோஆப்பரேட்டிவ்ஸ்' இருக்கிறது. என் மாதப் பிடித்தத்தில் பெரிய பங்கு நிலத்துக்குத்தான் போகிறது. எங்கள் தாத்தா வீட்டிலும் இப்படி ஒரு பங்காளி வழக்கு இருபது வருடம் இழுத்தது, அதனால் இருக்கலாம்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2021-இல் ஒரு லட்சம் பிரசவங்களுக்கு இறந்த தாய்கள், வெள்ளையினத்தில் 26.6, கறுப்பினத்தில் 69.9, இதற்காக அட்லாண்டாவில் பிளாக் மாமாஸ் மேட்டர் அலையன்ஸ். படிப்புக்கு 1944-இல் தொடங்கிய யு.என்.சி.எஃப்., கறுப்பினக் கல்லூரிகளுக்கும் மாணவர்களுக்கும். பழங்குடி மக்களின் நில, நீர், ஒப்பந்த உரிமைக்கு 1970-இலிருந்து கொலராடோவில் நேட்டிவ் அமெரிக்கன் ரைட்ஸ் ஃபண்ட். அமெரிக்காவில் வாழும் லத்தீன் அமெரிக்க வம்சாவளி மக்களின் சட்ட உரிமைக்கு 1968-இலிருந்து மால்டெஃப்.

'இதெல்லாம் அவர்கள் பிரச்சினை, நமக்கு எதற்கு' என்று கேட்கிற நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்களுக்கு நான் சொல்வது 1965. அதற்கு முன்னால் இந்தியாவிலிருந்து வருடத்துக்கு நூறு பேர் என்ற அளவில்தான் குடியேற்றக் கோட்டா இருந்தது. எந்த நாட்டில் பிறந்தான் என்று பார்த்துக் கதவை மூடும் அந்த முறையை 1965 குடியேற்றச் சட்டம் உடைத்தது. 1964-இல் குடிமை உரிமைகள் சட்டம், 1965-இல் வாக்குரிமைச் சட்டம், அதே மூச்சில் இது. தெருவில் அடி வாங்கி, நாய் கடித்து, ஜெயிலுக்குப் போய்க் கறுப்பின மக்கள் உண்டாக்கிய அலையில்தான் அந்தக் கதவு திறந்தது. நான் விமானத்தில் வந்து இறங்கி எச்-1பி வேலை விசா முத்திரை வாங்கியது அந்தக் கதவு வழியாகத்தான்.

அந்த ஒன்பது இலக்க எண்

சரி, வேலை முடிவாகிவிட்டது, இரண்டு மூன்று அமைப்புகளின் பெயர் கையில் இருக்கிறது. இப்போது சரிபார்ப்பு.

அமெரிக்காவில் பதிவு பெற்ற ஒவ்வோர் அமைப்புக்கும் வரித்துறை கொடுத்த ஒன்பது இலக்க எண் ஒன்று உண்டு, இ.ஐ.என். என்பார்கள். பெயர் ஒரே மாதிரி இருக்கலாம், எண் இருக்காது. அமைப்பின் சொந்த இணையதளத்துக்குப் போய், பக்கத்தின் அடியிலோ நன்கொடைப் பக்கத்திலோ இருக்கும் அந்த எண்ணை எடுங்கள். அலுவலகத் தளத்தில் பெயரைப் போட்டுத் தேடாமல் எண்ணைப் போட்டுத் தேடுங்கள். 2020-இல் நாங்கள் எல்லாரும் இந்த ஒரே ஒரு காரியத்தைச் செய்திருந்தால் அந்த 40 லட்சம் வழிதவறியிருக்காது. இதற்கு ஆகும் நேரம் ஒரு நிமிடம்.

எண் எதற்குச் சொந்தம் என்பதையும் பாருங்கள். புதிய, சின்ன அமைப்புகள் பலவற்றுக்குத் தனிப் பதிவு இருக்காது. பெரிய அமைப்பு ஒன்று அவர்களுக்காகப் பணத்தை வாங்கிக் கணக்கு வைத்துக் கொடுக்கும். இதில் தப்பு ஒன்றும் இல்லை, சின்ன ஆட்கள் வேலையைப் பார்க்க இதுதான் வழி. ஆனால் அந்த எண்ணில் பணம் போட்டால் தாய் அமைப்பின் பொதுக் கணக்கில் விழும். எந்தத் திட்டத்துக்கு என்று எழுத ஒரு கட்டம் இருக்கும், அதில் சின்ன அமைப்பின் பெயரைத் தெளிவாக எழுதுங்கள். அந்தக் கட்டமே இல்லாத தளம் என்றால் தாய் அமைப்புக்கு ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேளுங்கள், பெரும்பாலும் மறுநாளே பதில் வரும்.

அடுத்தது, வரிச் சட்டத்தின்படி அமைப்பு எந்த வகை, 501 சி 3-யா, சி 4-ஆ. சி 3 என்றால் அறக்கட்டளை. வரிக்கழிவு உண்டு, நிறுவனமும் ஈடு போடும், தேர்தலில் எந்த வேட்பாளருக்கும் ஆதரவாக இறங்கக் கூடாது. சி 4 என்றால் அரசியல் அழுத்தம் கொடுக்கும் வேலையை விரிவாகச் செய்யலாம், வரிக்கழிவு கிடையாது, பெரும்பாலான நிறுவனங்கள் ஈடு போடாது. பல பெரிய அமைப்புகளுக்கு இரண்டு கையும் உண்டு: குடிமை உரிமை அமைப்பான ஏ.சி.எல்.யு. சி 4, ஏ.சி.எல்.யு. ஃபவுண்டேஷன் சி 3. கலர் ஆஃப் சேஞ்ச் சி 4, அதன் எஜுகேஷன் ஃபண்ட் சி 3. எச்-1பி, எல்-1, மாணவர் விசாவில் இருக்கிறவர்கள் இதைக் கூடுதலாகக் கவனியுங்கள்: கிரீன் கார்டு இல்லாத வெளிநாட்டவர் தேர்தலுக்குப் பணம் கொடுக்கச் சட்டம் தடை போட்டிருக்கிறது. அறக்கட்டளைக்குக் கொடுப்பதில் எந்தத் தடையும் இல்லை. சி 3-யிலேயே நின்றுகொள்ளுங்கள், கவலை இல்லை.

கணக்கைத் திறந்து பாருங்கள்

அமைப்புகள் வருடா வருடம் வரித்துறைக்குப் படிவம் 990 தாக்கல் செய்கின்றன, அது பொதுவில் கிடைக்கும். ப்ரோபப்ளிக்கா என்ற செய்தி அமைப்பின் நான்பிராஃபிட் எக்ஸ்ப்ளோரர் தளத்தில் எண்ணைப் போட்டால் பல வருடப் படிவங்கள் வரிசையாக வரும், காசு இல்லை. முப்பது நாற்பது பக்கம் இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம், நான் நாலு இடம்தான் பார்ப்பேன்.

முதல் பக்கத்தில் வரவு, செலவு, கையிருப்பு, போன வருடம் இந்த வருடம் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். மூன்றாம் பகுதியில் என்ன வேலை செய்தோம் என்று அவர்கள் வார்த்தையிலேயே எழுதியிருப்பார்கள். இதைத்தான் நான் மிகவும் பொறுமையாகப் படிப்பேன். 'விழிப்புணர்வு ஏற்படுத்தினோம், உரையாடலை முன்னெடுத்தோம்' என்று மட்டும் இருந்தால் தள்ளி வைப்பேன். 'இத்தனை குடும்பங்களுக்குப் பத்திரம் முடித்தோம், இத்தனை பேருக்கு வாதாடினோம்' என்றிருந்தால் மேலே படிப்பேன். ஏழாம் பகுதியில் பொறுப்பில் இருப்பவர்களின் பெயரும் சம்பளமும். ஒன்பதாம் பகுதியில் திட்டச் செலவு, நிர்வாகச் செலவு, நிதி திரட்டும் செலவு என்று பிரித்திருப்பார்கள்.

இங்கேதான் நம் ஆட்கள் தடுக்கி விழுவது. 'நிர்வாகச் செலவு 20 சதவீதமா? அப்படியென்றால் என் இருபது டாலரில் நாலு டாலர் வீண்' என்று முடிவு கட்டிவிடுவார்கள். தயவுசெய்து அப்படிப் பார்க்காதீர்கள். வழக்கு நடத்தும் அமைப்பில் வக்கீல் சம்பளம்தான் வேலையே. பத்து வருடம் இழுக்கும் வழக்குக்கு நல்ல வக்கீலைப் பிடித்து வைக்க, கோப்புகளைப் பத்திரமாக வைக்க, கணக்கு எழுத ஆள் வேண்டாமா? அமைப்புகளை மதிப்பிடும் கைட்ஸ்டார், சேரிட்டி நேவிகேட்டர், பி.பி.பி. வைஸ் கிவிங் அலையன்ஸ் மூன்றும் சேர்ந்தே 2013-இல் இந்தச் சதவீதத்தை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள் என்று திறந்த கடிதம் எழுதின. கையிருப்பைப் பாருங்கள், அது இன்னும் பயனுள்ள கேள்வி. பல வருடச் செலவுக்குப் போதுமான பணம் ஏற்கெனவே முதலீட்டில் இருக்கும் அமைப்புக்கு நல்ல வேலை நடக்கலாம், மறுக்கவில்லை, ஆனால் மூன்று பேர் சம்பளத்துக்கே திண்டாடும் மாவட்ட அளவிலான சட்ட உதவி மையத்தில் உங்கள் இருபது டாலரின் எடை வேறு.

வருடத்துக்கு 50,000 டாலருக்குக் கீழே வரவு உள்ள சின்ன அமைப்புகள் ஓர் அஞ்சலட்டை அளவு தகவல் மட்டும் தாக்கல் செய்தால் போதும். அதனால் படிவத்தில் ஒன்றும் இல்லையே என்று அவர்களைச் சந்தேகிக்காதீர்கள், தொலைபேசியில் கூப்பிட்டுப் பேசுங்கள். மூன்று வருடம் தொடர்ந்து எதுவுமே தாக்கல் செய்யாத அமைப்பின் வரிவிலக்கு தானாகவே ரத்தாகிவிடும், அதை வரித்துறையின் சொந்தத் தேடல் பக்கத்தில் பார்க்கலாம். படிவங்கள் வெளிவர ஒன்றரை இரண்டு வருடம் ஆகும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

இன்னொரு விஷயம், இது எந்தப் படிவத்திலும் இருக்காது. யாருக்காக வேலை செய்கிறார்களோ அந்த மக்கள் முடிவெடுக்கும் இடத்தில் இருக்கிறார்களா? இயக்குநர் குழுப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். உங்கள் அலுவலகத்தில் கறுப்பின ஊழியர் குழு இருந்தால் அவர்களிடமும் கேளுங்கள். கேட்கும் விதம் முக்கியம். 'எதற்குக் கொடுக்கலாம், சொல்லுங்கள்' என்று வந்து நிற்பவர்களுக்கெல்லாம் 2020-இல் அவர்கள் பதில் சொல்லிச் சொல்லிக் களைத்துப்போனார்கள். நீங்களே தேடி மூன்று பெயரை எடுத்துக்கொண்டு போய், 'இதில் எதைப் பற்றியாவது தெரியுமா?' என்று கேட்டால் பேச்சு நன்றாக இருக்கும். அன்றைக்கு என்னைத் தடுத்த அந்தத் தோழியிடம் நான் இப்போதும் அப்படித்தான் கேட்கிறேன்.

ஈடு போடும் பணத்தை விடாதீர்கள்

ஊழியர் கொடுத்தால் நிறுவனமும் ஈடாகக் கொடுக்கும் வழக்கத்தை 1954-இல் ஜெனரல் எலெக்ட்ரிக் தொடங்கிவைத்தது. இன்று பெரிய நிறுவனங்களில் இது சாதாரணம். மைக்ரோசாஃப்டில் வருடத்துக்கு 15,000 டாலர் வரை ஈடு; தன்னார்வமாக வேலை செய்யும் மணிக்கும் 25 டாலர் கணக்கில் அமைப்புக்குப் போகும். உங்கள் நிறுவனத்தில் உச்சவரம்பு என்ன, கடைசித் தேதி என்ன, எந்த மாதிரி அமைப்புகளுக்குக் கிடையாது என்ற மூன்றையும் எச்.ஆர். பக்கத்தில் பாருங்கள். ஊழியர் தானாகத் தேர்ந்தெடுப்பதற்கும், நிறுவனம் தேர்ந்தெடுத்து வைத்திருக்கும் பட்டியலுக்கும் வித்தியாசம் உண்டு. பட்டியலில் இல்லாத சி 3 அமைப்பையும் எண் கொடுத்துச் சேர்க்கச் சொல்ல முடியும், ஓரிரு வாரம் ஆகலாம். 2025-இலிருந்து பல நிறுவனங்கள் பன்மைத்துவத் திட்டங்களைச் சுருக்கிக்கொண்டு வருகின்றன, முகப்புப் பக்கத்தில் முன்பு இருந்த இன நீதிப் பட்டியல் காணாமல் போயிருக்கலாம். தேடல் பெட்டியில் எண்ணைப் போட்டால் அமைப்பு பெரும்பாலும் அங்கேயேதான் இருக்கும். முகப்பில் இல்லை என்று விட்டுவிடாதீர்கள்.

கட்டணத்தையும் பாருங்கள். சில தளங்கள் நன்கொடையில் சில சதவீதம் பிடித்துக்கொள்ளும், சில நிறுவனங்கள் அந்தக் கட்டணத்தைத் தாங்களே ஏற்கும். 'என் பெயரையும் முகவரியையும் அமைப்புக்குத் தெரிவிக்கலாம்' என்ற கட்டம் இருந்தால் நான் டிக் செய்வேன். இல்லாவிட்டால் அவர்களுக்கு யாரிடமிருந்து வந்தது என்றே தெரியாது, செய்திமடலும் வராது.

வரி விஷயம்: சம்பளத்தில் பிடித்தால் பே ஸ்டப்பையோ வருடச் சம்பளப் படிவமான டபிள்யூ-2-வையோ, எந்த அமைப்புக்கு என்று நீங்கள் ஒப்புக்கொடுத்த பக்கத்தோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். தளம் வழியாகக் கார்டில் போட்டால் ரசீதில் தளத்தின் அறக்கட்டளைப் பெயர் இருக்கும், பயப்பட வேண்டாம். 2026-இலிருந்து வழக்கமான நிலைக்கழிவு (ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன்) எடுப்பவர்களும் தனி ஆள் 1,000 டாலர், கணவன் மனைவி சேர்ந்து 2,000 டாலர் வரை நன்கொடையைக் கழிக்கலாம். ஆனால் நன்கொடையாளர் ஆலோசனை நிதிகளுக்கு (பணத்தைப் போட்டுவைத்து, பிறகு எந்த அமைப்புக்கு என்று சொல்லும் கணக்குகள்) போடுவது இதில் சேராது, ஆகவே தளத்தின் ரசீதை வரி பார்த்துக் கொடுப்பவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். நிறுவனம் போடும் ஈடு உங்கள் கழிவு கிடையாது.

மொத்தமாகவா, மாதாமாதமா? மாதாமாதம்தான், இதில் எனக்கு இரண்டு மனம் இல்லை. ஒரு சின்ன அமைப்புக்கு டிசம்பரில் வரும் 500 டாலரைவிட, அடுத்த வருடமும் நிச்சயம் வரும் மாதம் 40 டாலர் பெரிது, அதை நம்பித்தான் ஒரு ஆளை வேலைக்கு எடுக்க முடியும். 2020-இல் வந்த பணம் பிறகு வற்றிப்போனதைப் பார்த்தோம். ஐந்து அமைப்புக்குப் பிரிக்காதீர்கள், இரண்டு போதும்: ஒன்று நாடு முழுக்க வேலை செய்வது, இன்னொன்று உங்கள் ஊரில் இருப்பது. எந்தத் திட்டத்துக்கு என்று கட்டுப்பாடு போடாமல் பொதுச் செலவுக்கே கொடுங்கள், எது அவசரம் என்று அவர்களுக்குத் தெரியும்.

சாதியைப் பற்றியும் ஒரு வார்த்தை

நம் தமிழ் நண்பர்களிடம் நான் இதைச் சொல்லாமல் விட்டால் நேர்மையாக இருக்காது. நிறவெறிக்கு எதிராகப் பணம் கொடுத்துவிட்டு, மதிய உணவு மேசையில் 'நீங்க எந்த ஊர்ப் பக்கம், அங்க யாரு?' என்று சுற்றி வளைத்துச் சாதி விசாரிக்கிற பழக்கத்தை நாம் விமானத்தில் கொண்டு வந்திருக்கிறோம். 2023 பிப்ரவரியில் சியாட்டில் நகரம் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்தது, அமெரிக்காவில் முதல் நகரம் அது. அதே வருடம் கலிபோர்னியாவில் சட்டசபை நிறைவேற்றிய மசோதாவை ஆளுநர் கையெழுத்திடாமல் திருப்பி அனுப்பினார். இந்த இரண்டு போராட்டமும் தனித்தனி என்று பெரியவர்கள் நினைக்கவில்லை: 1946-இல் அம்பேத்கர், என்.ஏ.ஏ.சி.பி.யைத் தொடங்கியவர்களில் ஒருவரான டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதி, கறுப்பின மக்கள் ஐ.நா.வுக்குக் கொடுத்திருந்த மனுவின் நகலைக் கேட்டார். அமெரிக்காவில் சாதி ஒழிப்புக்காக வேலை செய்யும் தலித் அமைப்புகளும் அலுவலகத் தளங்களில் கிடைக்கின்றன. மேலே சொன்ன அதே சரிபார்ப்பு, அதே எண், அதே படிவம். இரண்டில் ஒன்றை அவர்களுக்கு ஒதுக்குவதைப் பற்றி யோசியுங்கள்.

எல்லாம் முடிந்து பிடித்தம் தொடங்கிய பிறகு ஒரு வேலை பாக்கி இருக்கிறது, இதைத்தான் எல்லாரும் மறப்பது. பிப்ரவரியில் ஒரு நாளைக் காலண்டரில் குறித்து வையுங்கள். தளத்தைத் திறந்து போன வருட நன்கொடைகளின் வரலாற்றைப் பாருங்கள்: உங்கள் பணத்துக்கு எதிரே 'பட்டுவாடா ஆனது' என்று இருக்கிறதா, ஈடு தொகைக்கு எதிரேயும் அப்படியே இருக்கிறதா? எனக்கு ஒரு வருடம் ஈடு பணம் 'அமைப்பின் உறுதிப்படுத்தலுக்காகக் காத்திருக்கிறது' என்று ஏழு மாதம் அப்படியே கிடந்தது. அந்த அமைப்புக்குத் தொலைபேசினேன். எடுத்தவர் அங்கே அலுவலகத்தைப் பார்த்துக்கொள்ளும் ஒரே ஆள். தளத்திலிருந்து வந்த மின்னஞ்சல் வேலையை விட்டுப்போன பழைய ஊழியரின் முகவரிக்குப் போய்க்கொண்டிருந்திருக்கிறது. நான் லைனில் இருக்கும்போதே உள்ளே போய் முகவரியை மாற்றிவிட்டு, 'இதில் உங்களுடையது மட்டும் இல்லை, இன்னும் பதினொரு பேருடையது நிற்கிறது' என்றார்.